காதியார் முன் நின்ற பெண்கள் சொன்னவை

கணவன் கை நீட்டி அடித்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு பெண் முதலில் ஓடுவது தாய்வீட்டுக்குத்தான். உம்மா அழுவார். வாப்பா தலையைக் குனிந்துகொள்வார். இரண்டு நாள் கழித்து மாமி வீட்டார் வந்து, "பிள்ளைகளின் முகத்தைப் பார், பொறுமையாக இரு" என்று புத்தி சொல்லி அழைத்துப் போவார்கள். அடுத்த முறையும் இதே கதைதான். பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் சொல்லி, பொலிஸுக்கும் போய், "இது குடும்பப் பிரச்சினை, காதியாரிடம் போங்கள்" என்று அங்கிருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட பிறகே அவள் காதி நீதிமன்ற வாசலை மிதிக்கிறாள். அதற்குள் சில வருடங்கள் ஓடியிருக்கும்.

அங்கே அவளுக்கு என்ன காத்திருக்கிறது? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி தலாக் சொல்லும் கணவன் காரணம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பஸ்ஹ் கேட்கும் மனைவியோ கணவனின் குற்றத்தை நிரூபித்தாக வேண்டும்; சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். பூட்டிய கதவுக்குள் விழுந்த அடிக்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது? அந்தச் சட்டம் ஆணைத்தான் காதியாக நியமிக்கச் சொன்னது. காதியார் முன் சட்டத்தரணி ஆஜராவதற்கும் இடம் வைக்கவில்லை. செலவில்லாமல் வழக்கு முடியட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் நடைமுறையில் வாயுள்ளவன் பேசுகிறான், அடிபட்டவள் வாயடைத்து நிற்கிறாள். பல இடங்களில் காதியாருக்கென்று தனிக் கட்டடமும் இருந்ததில்லை. வீட்டு விறாந்தையிலேயே விசாரணை. உடம்பில் எங்கே அடித்தான் என்பதை அத்தனை ஆண்களுக்கு மத்தியில் சொல்ல எந்தப் பெண்ணுக்கு நாவெழும்?

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரழி) அவர்களை இங்கே நினைத்துப் பாருங்கள். கணவர் ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அடித்ததில் அவருக்குக் காயம் ஏற்பட்டதாக அபூதாவூதில் வரும் அறிவிப்பு கூறுகிறது. ஸுபஹுத் தொழுகைக்குப் பின் அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் கணவரை அழைத்து விசாரித்து, மஹராகக் கொடுத்த தோட்டங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவரைப் பிரிந்துவிடும்படி கூறினார்கள். ஸாட்சி எங்கே என்று கேட்டு அப்பெண்ணை அலைக்கழித்ததாகவோ, வீட்டுக்குப் போய்ப் பொறுத்திரு என்று திருப்பி அனுப்பியதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை.

இந்த அலைச்சலைப் பட்டவர்களே பிறகு பேசத் தொடங்கினார்கள். முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் 1980களிலிருந்தே இவர்களின் கதைகளைக் கேட்டு வந்தன. 2016இல் முஸ்லிம் பெண் ஆய்வாளர்கள் இருவர் காதி நீதிமன்றங்களில் பெண்கள் பட்ட அனுபவங்களைத் திரட்டி ஆய்வு நூலொன்றை வெளியிட்டார்கள். சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கையைக் கையளித்தது. ஒன்பது வருடம்! அதுவும் இரு அணியாகப் பிரிந்து. பெண்களும் காதியாகலாம் என்றது ஓர் அணி; மறு அணி இணங்கவில்லை. ஷரீஅத்தில் கை வைக்கிறார்கள் என்று கூக்குரலிட்டோரும் உண்டு. பஸ்ஹ் ஷரீஅத் தந்தது, உண்மைதான். ஆனால் விறாந்தையில் நிறுத்தி வைப்பதும், சட்டத்தரணி வேண்டாமென்பதும் ஷரீஅத்தா? அவை மனிதர் எழுதியவை, மனிதர் பழக்கமாக்கியவை.

சகோதரிகளே, இன்னொரு கதவும் இருக்கிறது; அது பலருக்குத் தெரியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லாச் சமூகத்தாருக்கும் உரியது. விவாகரத்துக் கேட்காமலே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். விசாரணை முடியுமுன்பே இடைக்காலக் கட்டளை பெறவும் வழியுண்டு. அடித்தவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றுகூட நீதவான் கட்டளையிடலாம். அக்கட்டளை பன்னிரண்டு மாதம் வரை செல்லும். அதை மீறினால் குற்றம். இங்கே சட்டத்தரணியும் உங்களுக்காகப் பேச முடியும். உடல் அடி மட்டுமல்ல, மனத்தை வதைக்கும் கடும் துன்புறுத்தலும் இச்சட்டத்துக்குள் அடங்கும்.

சாட்சியில்லை என்று காதியார் முன் தோற்றுப்போகாதிருக்க ஒரு வார்த்தை. அடிபட்ட அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், படியில் விழுந்தேன் என்று மறைக்காமல், யார் அடித்தது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். அது அங்கே எழுதப்படும். போக வழியில்லையென்றால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். கடதாசிகளைத் தாய்வீட்டில் வையுங்கள், உங்கள் அலுமாரியில் வேண்டாம்.