ஜீனில் இருப்பதும் வாசிக்கப்படுவதும்

'அதெல்லாம் ஜீன்லயே இருக்கு' என்று பிறப்பை விதியாக்கிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது: இருக்கு, சரி, வாசிக்கப்படுகிறதா? ஈரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் உள்ள மரபணுப் பிரதி ஏறக்குறைய ஒன்றுதான். எவை வாசிக்கப்படுகின்றன, எவை மௌனமாக்கப்படுகின்றன என்பதில்தான் ஈரல் ஈரலாகிறது.

1961இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்ஸுவா ழாக்கோப், ழாக் மோனோ இருவரும் இந்தக் கட்டுப்பாட்டை விளக்கியது ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவைக் கொண்டு. பால்சர்க்கரையை உடைக்கும் நொதிக்கான மரபணு அதனிடம் எப்போதும் உண்டு. ஆனால் பால்சர்க்கரை இல்லாதபோது ஒரு தடுப்பான் டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து படியெடுக்க விடாது. தணிக்கை அதிகாரி மாதிரி. (அது ஒரு புரதம் என்பது 1966இல்தான் உறுதியானது.) பால்சர்க்கரை உள்ளே வந்தால், அதிலிருந்து உருவாகும் மூலக்கூறு தடுப்பானோடு ஒட்டி அதன் வடிவை மாற்றுகிறது. பிடி நழுவுகிறது, வாசிப்பு தொடங்குகிறது.

இங்கேதான் சுவாரஸ்யமான சிக்கல். பால்சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் புரதத்தின் மரபணுவும் அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. அப்ப முதல் சர்க்கரை எப்படி உள்ளே வந்தது? தடுப்பானின் பிடி முழுமையானதல்ல. அவ்வப்போது அது விலகும் கணத்தில் சில புரதங்கள் உருவாகிவிடுகின்றன. இந்தக் கசிவு மட்டும் இல்லையென்றால், சுற்றிலும் பால்சர்க்கரை கிடந்தாலும் பாக்டீரியாவுக்கு அது தெரியவே வராது.