கடல் கடந்த சுவீகாரம்

சுவீகாரம் என்பது நம் நாட்டில் சபையறிய நடைபெற்று வந்த காரியம். பெற்றோர் கொடுக்க, கொள்வோர் கைநீட்டி வாங்க, பந்துக்களும் ஊராரும் பார்த்திருப்பார்கள். இவ்வாறு கொடுத்தலும் கொள்ளுதலும் மெய்யாகவே நிகழ்ந்திருக்க வேண்டும் என்னும் விதியை 1956-ம் வருஷத்து ஹிந்து சுவீகாரச் சட்டமும் கைவிடவில்லை. குழந்தை யாருடையது, கொடுத்தவர் மனமொப்பிக் கொடுத்தாரா என்று பிற்காலத்தில் கேள்வி பிறந்தால், விடை சொல்ல மனிதர்கள் இருந்தார்கள். கொடுப்பவர் ஒரு தேசத்திலும் கொள்பவர் வேறொரு கண்டத்திலும் இருக்கும்பொழுது இந்தச் சாட்சி மறைந்து போகிறது. அவ்விடத்தில் நிற்பது காகிதம் ஒன்றே. அக் காகிதம் பொய் சொல்லுமானால், அந்தப் பொய்யையே தன் பிறப்பாகக் கொண்டு ஒரு குழந்தை வளர்கிறது.

இது வெறுங் கற்பனையன்று. 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்கக் கமிஷன் வெளியிட்ட முடிவு நல்லோர் நெஞ்சை உலுக்கத் தக்கது. குழந்தைப் பிராயத்தில் சுவீகாரமாக அந் நாட்டினின்றும் அனுப்பப்பட்டு, இன்று 11 தேசங்களில் வாழ்ந்துவரும் 367 பேர் அக் கமிஷனிடம் முறையிட்டிருந்தனர். அவர்களுள் 56 பேருடைய மனித உரிமைகள் மீறப்பட்டன என்று கமிஷன் முதற்கண் தீர்மானித்தது. பெற்றோர் உயிருடன் இருந்த குழந்தைகள் அநாதைகளெனப் பதியப்பட்டனர். ஒரு குழந்தையின் பெயரையும் தஸ்தாவேஜையும் சுமந்துகொண்டு வேறொரு குழந்தை விமானம் ஏறிற்று. பெற்றவளின் சம்மதம் முறைப்படி பெறப்படவில்லை. இவற்றைத் தடுத்திருக்க வேண்டிய சர்க்கார் தன் கடமையில் தவறிற்று என்பதே கமிஷனின் முடிவு. அவ் வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங் தம் தேசத்தின் பெயரால் மன்னிப்புக் கோரினார்.

இந்த அநீதி ஒரே நாளில் விளைந்ததன்று. தொடக்கத்தில் இருந்தது கருணையே. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தம் எண்ணற்ற குழந்தைகளை ஆதரவற்றவர்களாக்கிற்று. அந்நியச் சிப்பாய்களுக்குப் பிறந்த சிசுக்களை அச் சமூகம் ஏற்க மறுத்தது. அவர்களுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் வீடும் உணவும் தந்ததை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் யுத்தத்தின் புண் ஆறி, தேசம் கைத்தொழிலிலும் செல்வத்திலும் ஓங்கிய பிறகு, அனுப்பும் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடிற்று. 1985-ம் வருஷம் ஒன்றில் மட்டும் 8,800-க்கு மேற்பட்ட குழந்தைகள் வெளியேறினர்.

காரணம் என்ன? மணமாகாத தாய்மாரையும் வறியோரையும் தாங்குவதற்குச் சர்க்கார் பணம் செலவிட வேண்டும். குழந்தையை வெளிதேசத்துக்கு அனுப்பிவிட்டாலோ அச் செலவு இல்லை. இடையில் நின்ற தனியார் ஸ்தாபனங்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் வெளிதேசத்துக் கட்டணம் கிடைத்தது. அநாதை என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், சம்மதம் கேட்பதற்குத் தாயும் இல்லை, தாமதமும் இல்லை. 1988-ல் சியோல் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த சமயத்தில், குழந்தைகளை ஏற்றுமதி செய்யும் தேசம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஏசிய பிறகுதான் அந்தச் சர்க்கார் வெட்கமுற்றது. யுத்த காலந் தொட்டு வெளியே சென்ற கொரியக் குழந்தைகள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிக்கப்படுகிறது.

குற்றம் அனுப்பியவரோடு முடிந்துவிடுகிறதா? முடியவில்லை என்றே நாம் கருதுகிறோம். யுத்தமும் பஞ்சமும் இல்லாத ஒரு தேசத்திலிருந்து ஒரே வருஷத்தில் இத்தனை ஆயிரம் அநாதைகள் எவ்வாறு வந்தனர் என்று வாங்கிய தேசங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காகிதம் ஒழுங்காக இருந்தது, அது போதுமென்றிருந்தனர்.

இலங்கையிலும் இக் கதையே நடந்தது. 1980-ம் வருஷத்தை அடுத்த பத்தாண்டுகளில் அத் தீவிலிருந்து ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சென்றனர். கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள், தாங்களே தாய்மாரென்று உத்தியோகஸ்தர்கள் முன் நின்று, பிறர் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போன நிகழ்ச்சிகள் பிற்பாடு வெளியாயின. ஹாலந்து தேசத்தில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1967 முதல் 1998 வரை இலங்கை, பங்களாதேஷ், இந்தோனேஷியா, பிரேஸில், கொலம்பியா ஆகிய ஐந்து தேசங்களிலிருந்து வந்த சுவீகாரங்களை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. நடந்துவந்த முறைகேடுகளை ஹாலந்து சர்க்கார் அறிந்திருந்தும் நெடுங்காலம் வாளாவிருந்தது என்பது அதன் சாரம். பயிரைக் காக்க வேண்டிய வேலி, மேய்ந்த மாட்டுக்கு வழிவிட்டு நின்றது.

இத்தகைய கொடுமைகளை ஒழிப்பதற்கென்றே 1993-ம் வருஷம் மே மாதம் 29-ம் தேதி ஹேக் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. 1995-ல் அது அமுலுக்கு வந்தது. இன்று 100-க்கு மேற்பட்ட தேசங்கள் அதனை ஏற்றுள்ளன. அதன் முறை எளியது. ஒவ்வொரு தேசமும் இக் காரியத்துக்கென ஒரு மத்திய அதிகார ஸ்தாபனத்தை அமைக்க வேண்டும். குழந்தை சுவீகாரத்துக்கு உரியதுதானா, உள்நாட்டிலேயே அதற்கு ஒரு குடும்பம் கிடைக்குமா, பெற்றோரின் சம்மதம் பணத்தால் வாங்கப்படாமல் எழுத்து மூலம் பெறப்பட்டதா, தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்பட்டதா என்பவற்றைக் கொடுக்கும் தேசம் தீர்மானிக்க வேண்டும். கொள்வோர் தகுதியுள்ளவர்தானா, குழந்தை அங்கே நிரந்தரமாக வாழ அனுமதி உண்டா என்பவற்றைக் கொள்ளும் தேசம் தீர்மானிக்க வேண்டும். இரு தேசத்து அதிகாரிகளும் இசைந்தாலன்றிக் குழந்தையை ஒப்படைக்கலாகாது. முறையற்ற லாபம் எவருக்கும் கூடாது. ஊர்ச் சபை செய்த சாட்சிக் கடமையை இரண்டு சர்க்கார்கள் சேர்ந்து செய்ய வேண்டுமென்பதே இதன் தாத்பரியம்.

இவ் விஷயத்தில் நம் தேசம் உலகத்துக்கு முன்னரே விழித்துக்கொண்டது என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். லக்ஷ்மி காந்த் பாண்டே என்னும் வக்கீல் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு விசாரித்தது. 1984-ல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, உள்நாட்டுக் குடும்பத்துக்கே முதலிடம் என்றும், வெளிதேசத்தார் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களின் மூலமே வரவேண்டுமென்றும் விரிவான விதிகளை வகுத்தது. 1990-ல் இதற்கென மத்திய ஸ்தாபனம் ஏற்பட்டது. 2003-ல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை உறுதி செய்தது.

ஆயினும் பெருமையோடு நின்றுவிட முடியவில்லை. இவ்வளவு விதிகள் ஏற்பட்ட பிறகும், 1990-களின் பிற்பகுதியில் சென்னையின் ஏழைத் தெருக்களிலிருந்து குழந்தைகள் திருடப்பட்டு, தாயே மனமொப்பிக் கொடுத்ததாகக் காட்டும் பொய்ப் பத்திரங்களுடன் ஹாலந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டனர். 2005-ல் போலீஸார் அதைக் கண்டுபிடித்தனர். திருடியவன் கீழே ஒரு காகிதத்தில் பொய்யை எழுதினான். அதன் மேல் ஒவ்வொரு படியிலும் மெய்யான முத்திரைகள் விழுந்தன. முத்திரையிட்ட எவரும் அந்தத் தாயைத் தேடிச் சென்று பார்க்கவில்லை. இரு சர்க்கார்களின் ஒத்துழைப்பென்பது ஒருவர் காகிதத்தை மற்றவர் நம்புவது மட்டுமானால், அது ஒத்துழைப்பன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உபாயமே.

இந்நிலையில் கதவையே அடைத்துவிடலாம் என்று சில தேசங்கள் துணிந்துவிட்டன. எத்தியோப்பியா 2018-ல் தடை விதித்தது. 1992 முதல் 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய சீனா, உறவினர் சுவீகாரம் தவிர மற்றவற்றை 2024-ல் நிறுத்திற்று. ஹாலந்தும் படிப்படியாக நிறுத்திவிடுவதென்று தீர்மானித்திருக்கிறது. 2004-ல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 45,000 ஆக இருந்த இத்தகைய சுவீகாரங்கள் இப்பொழுது அதில் ஒரு சிறு பங்கே.

கதவடைப்பை எதிர்ப்போர் சொல்லும் வாதமும் எளிதாகத் தள்ளத் தக்கதன்று. சற்றுப் பெரிய பிராயத்துப் பிள்ளைகளும் அங்கக் குறைவுடைய சிசுக்களும் உள்நாட்டில் கொள்வாரின்றி விடுதிகளிலேயே வளர்ந்து முடிகின்றனர். அவர்களில் ஒருவனுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு தாய் காத்திருந்தால், தேசாபிமானத்தின் பெயரால் அதை மறுக்க நமக்கு என்ன உரிமை? நம் அபிப்பிராயம் இதுவே: கதவு திறந்திருக்கலாம், ஆனால் வாசலில் நிற்பவர் பணம் வாங்காதவராகவும், பெற்றவளை நேரில் கண்டு பேசியவராகவும் இருக்க வேண்டும்.

வருங்காலத்துக்கு இது போதும். சென்ற காலத்துக் கடன் ஒன்று இன்னும் தீராமல் நிற்கிறது. அநாதையென்று எழுதி அனுப்பப்பட்டவர்கள் இன்று நாற்பதும் ஐம்பதும் வயதானவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் முதுமையில் தளர்ந்திருக்கின்றனர், பலர் மறைந்தும்விட்டனர். அமெரிக்காவில் வளர்ந்த சிலருக்கு வேறொரு துன்பமும் நேர்ந்தது. சுவீகாரக் குழந்தைகளுக்குத் தானாகவே பிரஜா உரிமை அளிக்கும் சட்டத்தை அத் தேசம் 2000-ல் இயற்றிற்று. ஆனால் அது அமுலுக்கு வந்த 2001 பிப்ரவரி 27-ல் 18 வயது நிறைந்திருந்தவர்களை அச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. வளர்த்தவர்கள் மனுப்போட மறந்ததனால், பாஷையும் தெரியாத பிறந்த தேசத்துக்கு நாடுகடத்தப்பட்டவர்களும் உண்டு.

பிள்ளையின் பிறப்பைப் பற்றிய தகவலைப் பாதுகாக்க வேண்டுமென்றும், அந்தந்தத் தேசத்துச் சட்டம் இடங்கொடுக்கும் அளவு அதை அவனுக்குக் காட்ட வேண்டுமென்றும் ஹேக் உடன்படிக்கையின் 30-வது ஷரத்துக் கூறுகிறது. சட்டம் இடங்கொடுக்கும் அளவு என்னும் இச் சிறு வாசகத்தின் பின்னே எத்தனையோ அலமாரிகள் பூட்டிக் கிடக்கின்றன. கொரியா இப்பொழுது சிறிது வழிகாட்டுகிறது. 2020 முதல் வெளிதேசங்களிலுள்ள தன் தூதரகங்களிலேயே மரபணுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. 2025 ஜூலையில் தனியார் ஸ்தாபனங்களின் கையிலிருந்த பொறுப்பைச் சர்க்காரே ஏற்றது. அவ் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஹேக் உடன்படிக்கை அங்கே அமுலுக்கு வந்தது.

ஏனைய தேசங்களும் இவ் வழியில் வரவேண்டும். தனியார் ஸ்தாபனங்களிடம் உள்ள பழைய தஸ்தாவேஜுகளைச் சர்க்கார் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். கொண்ட தேசங்கள் தம் தூதரகங்களிலும் கோர்ட்டுகளிலும் கிடக்கும் கட்டுகளைத் தாமே முன்வந்து திறக்க வேண்டும். தேடும் செலவும் அலைச்சலும் தேடுகிறவன் தலையில் விழலாகாது. இரகசியம் காக்க விரும்பும் தாயின் மனத்தை மதிப்பதும், பொய்க் காகிதத்தால் பிள்ளையை இழந்த தாயை மௌனத்தில் அடைப்பதும் ஒன்றல்ல என்பதை அதிகாரிகள் உணர வேண்டும்.

அன்று இரு தேசங்களும் கைகோத்து ஒரு குழந்தையைக் கடல் கடத்தின. அதே இரு தேசங்கள் இன்று கைகோத்து அதன் உண்மையைக் கொண்டுவந்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கின்றன. பெற்றவர்கள் உயிரோடிருக்கும்பொழுதே அதைச் செய்ய வேண்டும். காலம் அதிகமில்லை.