பழைய ஆட்டத்துக்குப் புதுச் சட்டை!

மயிலாப்பூரில் 1990-களின் கடைசியில் பள்ளியில் படித்தவர்களுக்கு, டேவ் யார் என்று சொல்லத் தேவை இல்லை.

மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். டேவ் ஒரு குட்டி மனிதன். கம்ப்யூட்டர் திரையில் ஓடுவான். குதிப்பான். வைரம் பொறுக்குவான். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். நெருப்பில் விழுந்தால் ஒரு உயிர் போச்சு! மொத்தம் 10 கட்டங்கள். ஜான் ரோமேரோ என்ற அமெரிக்க இளைஞர் 1988-ம் ஆண்டு செய்த ஆட்டம் இது.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போவோம். ஒரு கம்ப்யூட்டருக்கு 3 பேர். ஒருவன் ஆடுவான். மற்ற இருவரும் யோசனை சொல்லியே அவனைக் கெடுப்பார்கள். சார் வரும் சத்தம் கேட்டால், திரையில் பாடம் வந்துவிடும்!

அன்று பிடித்த ஆசை, 25 ஆண்டுகளுக்கு மேலாகியும் விடவில்லை.

இப்போது பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து விற்கிறார்கள். படம் பளபளக்கிறது. ஆட்டம் எப்படி? சில நன்றாக இருக்கின்றன. சில, அடையாறில் தோட்டத்தோடு இருந்த வீட்டை இடித்துவிட்டு, அதே கதவு எண்ணில் அடுக்குமாடி கட்டியது போல இருக்கின்றன.

தம்பி ஓடினான்

"பாரசீக இளவரசன்" என்று ஓர் ஆட்டம். "பிரின்ஸ் ஆப் பெர்சியா" என்றால் பலருக்குத் தெரியும். 1989-ல் வந்தது.

இதைச் செய்தவர் ஜோர்டன் மெக்னர். இளவரசன் நிஜ மனிதனைப் போல ஓட வேண்டும் என்று அவர் விரும்பினார். என்ன செய்தார், தெரியுமா? தன் தம்பிக்கு வெள்ளை உடை மாட்டினார். ஓடச் சொன்னார். தாவச் சொன்னார். அதை வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்துப் படமாக வரைந்தார். வாள் சண்டையை 1938-ல் வந்த ராபின் ஹூட் சினிமாவில் இருந்து எடுத்தார். இசை அமைத்தவர் அவருடைய அப்பா! குடும்பமே சேர்ந்து செய்த ஆட்டம் என்று சொல்லலாம்.

அந்தக் கம்ப்யூட்டரில் இடம் மிகக் குறைவு. புதிதாக ஓர் எதிரியை வரைந்து வைக்க இடம் இல்லை. இளவரசனின் படத்தையே மாற்றிக் காட்டி, "நிழல் மனிதன்" என்ற எதிரியை உண்டாக்கினார்கள். இன்றைக்கும் அந்த நிழலைக் கண்டால் எனக்குத் திக்கென்று இருக்கும். வசதி குறைந்ததால் வந்த அழகு அது.

இளவரசியை மீட்க 60 நிமிடம்தான் கெடு. நீங்கள் செத்து எழுந்தாலும் கடிகாரம் நிற்காது.

2003-ல் புது இளவரசன் வந்தான். இதிலும் மெக்னரின் கை உண்டு. இதில் தவறி விழுந்தால் காலத்தையே பின்னுக்குத் திருப்பலாம்! பழைய ஆட்டம் காலத்தைக் காட்டி மிரட்டியது. புது ஆட்டம் அதே காலத்தை நம் கையில் கொடுத்தது. பழையதை நகல் எடுக்காமல், அதன் உயிரை எடுத்துக்கொண்டார்கள். புதுப்பித்தல் என்றால் எனக்கு இதுதான்.

மெக்னர் எழுதிய மூல எழுத்து பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. 2012-ல் அவருடைய அப்பாதான் அலமாரியின் பின்னால் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே பழைய பிளாப்பிகள்! நிபுணர்கள் உதவியோடு அவற்றைப் படித்து, யாரும் பார்க்கலாம் என்று மெக்னர் வெளியிட்டார்.

மழையோ மழை!

இனி ஒரு கசப்பான கதை.

தி.நகரிலும் அடையாறிலும் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில், பையன்கள் விழுந்து விழுந்து ஆடியது "வைஸ் சிட்டி". 2002-ல் வந்தது. பெரியவர்களுக்கான ஆட்டம். ஆடியவர்களோ பள்ளிச் சீருடையில் இருந்தார்கள்! பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இதையும் இதன் உடன்பிறப்புகள் இரண்டையும் புதுப்பித்து, 2021 நவம்பரில் விற்றார்கள். காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். மழை பெய்தால் கண் தெரியவில்லை. கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை. பழைய ஆட்டத்தில் தூரத்தை மூடியிருந்த பனிமூட்டத்தை எடுத்துவிட்டதால், பெரிய ஊர் சின்னதாகத் தெரிந்தது.

அதையாவது மன்னிக்கலாம். புதியது வரும் முன்பே, பழைய மூன்றையும் இணையக் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள்! ஓட்டை உடைசலோடு இருந்தாலும் அதுதானே நாம் ஆடிய ஆட்டம்? கூச்சல் பெரிதானது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. கம்ப்யூட்டருக்கான பழைய ஆட்டங்களைத் தன் கடையில் மறுபடி விற்பதாக அறிவித்தது. 2024-ல்தான் புதியதன் வெளிச்சமும் வானமும் சீரானது.

சோழர் வந்தார்கள்

"ஏஜ் ஆப் எம்பயர்ஸ்" 2-ம் பாகம் 1999-ல் வந்தது. மரம் வெட்டி, ஆடு மேய்த்து, ஊர் கட்டி, படை திரட்டும் ஆட்டம். அப்போது அதில் 13 நாட்டார் இருந்தார்கள். இந்தியர் இல்லை!

2013-ல் "இந்தியர்" என்று ஒரே கூட்டமாகச் சேர்த்தார்கள். 2019-ல் ஆட்டம் முழுவதையும் புதுப்பித்தார்கள். படம் மாறியது, ஆடும் முறை மாறவில்லை. 2022 ஏப்ரலில் "திராவிடர்" தனியாக வந்தார்கள். ராஜேந்திர சோழன் கதையே அதில் ஆட்டமாக இருக்கிறது. வீரனைத் தட்டினால் தமிழில் பதில் சொல்லுகிறான்! முதல் தடவை கேட்டபோது, வேண்டும் என்றே பத்துத் தடவை தட்டினேன்.

திராவிடர் படையில் சுருள்வாள் வீரன் உண்டு. "திரிசடை" என்ற போர்க்கப்பல் உண்டு. யானை உண்டு. குதிரைப்படை மட்டும் சொங்கி. தென்னாட்டு அரசர்கள் அரபு நாட்டில் இருந்து குதிரை வாங்கியவர்கள்தானே? செய்தவர்கள் சரித்திரம் படித்திருக்கிறார்கள். மீன் பிடிப்பதிலோ நம்மவர்களை மிஞ்ச ஆள் இல்லை. மற்ற நாட்டு மீனவர்களைவிட ஒரு நடைக்கு அதிக மீன் சுமந்து வருகிறார்கள்!