ரோஜாவுக்கு முந்தைய கேசட்

ஒரு சின்ன கேள்வி. 'ரோஜா' படத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ஆங்கிலக் கேசட் எது? தலையைச் சொறியாதீங்க. முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வெளியூர்க் கதை. 1970களின் தொடக்கத்தில் லண்டன் மதுக்கடைகளில் சின்னச் சின்ன இசைக்குழுக்கள் வாசித்தன. பெரிய மேடை இல்லை, வண்ண விளக்கு இல்லை. ஒரு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். இதற்கு 'பப் ராக்' என்று பெயர். இனிமையான மெட்டையும் கிடாரின் முரட்டு வேகத்தையும் மூன்று நிமிஷப் பாட்டில் அடக்கினால் அது 'பவர் பாப்'.

இந்தப் பவர் பாப்பில் முன்னோடி, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து 'பிக் ஸ்டார்' குழு. ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் இருந்த மளிகைக் கடையின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1972இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'நம்பர் ஒன் ரெக்கார்டு'. விமர்சகர்கள் பாராட்டித் தள்ளினார்கள். ஆனால் கடைக்குப் போய்க் கேட்டால் சரக்கு இல்லை! விநியோகம் சொதப்பிவிட்டது. 10,000 பிரதிகூட விற்கவில்லை. பொருள் தரமாக இருந்தால் மட்டும் போதாது, அது கை சேரவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இப்போ நம்ம சென்னைக்கு வருவோம். ரகுமானுக்கு 9 வயதில் அப்பா ஆர்.கே. சேகர் காலமானார். அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. படிப்பு பாதியில் நின்றது. சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜான் அந்தோணி போன்ற நண்பர்களோடு 'ரூட்ஸ்' குழுவில் கீபோர்டு வாசித்தார். பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவைத் தொடங்கினார். வயிற்றுப்பாட்டுக்கு ஆல்வின் கைக்கடிகாரம் போன்றவற்றின் விளம்பரங்களுக்கு இசையமைத்தார்.

அப்படி இருக்கும்போது 1991இல் மேக்னாசவுண்ட் நிறுவனம் வெளியிட்டதுதான் 'செட் மீ ஃப்ரீ'. பாடியவர் மால்குடி சுபா. இசை ரகுமான். ராக் குழுவில் வாசித்துப் பழகிய கை, ஆங்கிலப் பாப் கேசட்டுக்கு வந்தது. ஆனால் கவனித்தவர் குறைவு.

ஏன்? எனக்குத் தோன்றுவது இதுதான். நம்ம ஊரில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. படம் இல்லாத பாட்டை யார் கேட்பது? அதிலும் ஆங்கிலம். சன் டி.வி.யே 1993இல்தான் வந்தது. அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடை வைத்திருந்த அண்ணன்களிடம் போய் யாராவது 'செட் மீ ஃப்ரீ' கேட்டிருந்தால், "அது என்ன படம் தம்பி?" என்றுதான் கேட்டிருப்பார்கள்!

அடுத்த வருஷமே, 1992 ஆகஸ்டில், 'ரோஜா' வந்தது. தேசிய விருதும் வந்தது. பழைய நண்பர் சுரேஷ் பீட்டர்ஸ் 'சிக்கு புக்கு ரயிலே' பாடினார். மால்குடி சுபா 'உயிரே' படத்தில் ரகுமானுக்கே பாடினார். ஆக, அந்தக் கேசட் தோற்றாலும் அந்தக் கூட்டணி தோற்கவில்லை.

"உழைத்தால் ஜெயிக்கலாம், அவ்வளவுதானே?" என்று முடித்துவிடாதீங்க. பிக் ஸ்டாரின் கிறிஸ் பெல் முதல் ஆல்பம் விற்காத வருத்தத்தில் அதே 1972இல் குழுவை விட்டு விலகினார். 1978இல், 27 வயதில், கார் விபத்தில் இறந்தார். உலகம் அந்த இசையைக் கொண்டாடியது அதற்கப்புறம்தான். எல்லோருக்கும் அடுத்த வருஷமே ஒரு 'ரோஜா' கிடைப்பதில்லை.

அப்புறம் என்னதான் செய்வது? முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்த நான் கற்றுக்கொண்டது இதுதான்: ரிசல்ட் நம்ம கையில் இல்லை, வேலையின் தரம் நம்ம கையில் இருக்கு. யாரும் பார்க்காத பிராஜெக்டையும் ஒழுங்காகச் செய்து வைப்போம். செய்ததை நாலு பேரிடம் காட்டவும் கூச்சப்பட வேண்டாம்.

வாய்ப்புக் கிடைத்தால் 'செட் மீ ஃப்ரீ' ஒருமுறை கேளுங்கள் நண்பர்களே. புகழ் வருவதற்கு முன்னால் ஒரு 24 வயசு இளைஞன் எப்படி உழைத்தான் என்று புரியும்.