நீதிமன்ற வாசல் – 7: ஒரு வழக்கு, நான்கு எண்கள்

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எப்படிப் பதிவாகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அது நீதிமன்றத்துக்குப் போன பிறகு அங்கே சேரும் காகிதங்களைச் சாதாரண மனிதர் எப்படித் தேடுவது, எப்படிக் கேட்டு வாங்குவது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கிரிமினல் வழக்கின் காகிதங்கள் போலீஸுக்கும் வக்கீலுக்கும் மட்டுமே சொந்தம் என்ற நினைப்பு நம் ஊர்களில் வேரோடிப் போயிருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "வாய்தா போய்க்கிட்டே இருக்குன்னு சொல்றாங்கய்யா" என்பார். தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஓடியிருக்கலாம். அது அவருக்குத் தெரிந்திருக்காது, கையில் ஒரு தாளும் இருக்காது. அந்தத் தாளைக் கேட்கச் சட்டம் அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த முதலில் தேவைப்படுவது வழக்கின் எண்.

அந்த எண் ஒன்றே ஒன்று அல்ல, சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. மதுரை மாவட்டத்தில் ஒரு கொலை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் அதற்குக் குற்ற எண் தருவார்கள். குற்றப்பத்திரிகை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்கு வந்ததும் அது பி.ஆர்.சி. எண் பெறும். கொலையை செஷன்ஸ் நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும் என்பதால், அங்கே அனுப்பப்பட்டதும் எஸ்.சி. எண் வரும். தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் கிரிமினல் அப்பீல் எண். ஒரே சாவு, ஒரே குற்றவாளிக் கூண்டு, ஆனால் எண்கள் நான்கு. அடிதடி, திருட்டு போல மாஜிஸ்ட்ரேட்டே விசாரிக்கும் வழக்காக இருந்தால் சி.சி. எண்ணோடு நிற்கும், சுருக்கமாக விசாரித்து முடிக்கும் சிறு வழக்குகளுக்கு எஸ்.டி.சி. எண்.

நகல் பிரிவுக்குப் போய்க் குற்ற எண்ணை மட்டும் சொன்னால், "கேஸ் நம்பர் என்னம்மா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பது நீதிமன்ற எண்ணின்படி. குற்ற எண்ணிலிருந்து நீதிமன்ற எண்ணுக்குப் போகும் வழி தெரியாமல்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

அந்த வழி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் மாவட்ட நீதிமன்ற வழக்குகளைக் கட்டணமின்றித் தேடலாம். மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர். எண் என்ற பகுதியில் காவல் நிலையத்தின் பெயரையும் குற்ற எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால், பதிவேற்றப்பட்ட வழக்காக இருந்தால் நீதிமன்ற எண் வந்து நிற்கும். குற்ற எண்ணும் தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேடலாம். ஆனால் போலீஸ் தொடுத்த வழக்கில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். பாதிக்கப்பட்டவரின் பெயர் தரப்பினர் பட்டியலில் இருக்காது. எதிரியின் பெயரைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருப்பதால், சண்முகம், முத்தையா போன்ற பெயர்களுக்கு எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது அவசியம். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்ற இரண்டு பிரிவையும் பாருங்கள்.

அப்படிக் கண்டெடுத்த வழக்கின் பக்கத்தில் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருக்கும். மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேறு எதையும் தேட வேண்டியதில்லை. எந்தத் தேதியில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்று என்பதும் அங்கேயே தெரியும். தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் படிக்கவும் முடியும். ஆனால் அது படிக்கத்தான். வேலைக்கோ மேல்முறையீட்டுக்கோ சான்றிட்ட நகல்தான் செல்லும்.

எந்தக் காகிதம் யாருக்குக் கிடைக்கும் என்பதில் சட்டம் வேறுபாடு வைத்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. நிலையத்தில் இழுத்தடித்தாலும் வழி அடைபடுவதில்லை. அந்த அறிக்கை எல்லைக்குட்பட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே நகல் கேட்கலாம்.

குற்றப்பத்திரிகை அப்படியல்ல. அது இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டிய ஆவணம் அல்ல என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது இலவசமாகக் கிடைக்கும். பாதிக்கப்பட்டவர் சார்பில் வக்கீல் ஆஜராகியிருந்தால் அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 230-ஆவது பிரிவு சேர்த்திருக்கிறது. இது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய கதவு. அதைத் தட்டுபவர்கள் பெருக வேண்டும்.

தீர்ப்புக்கு வருவோம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும், தீர்ப்பை மட்டுமல்ல, சாட்சியின் வாக்குமூலத்தையும் கட்டில் உள்ள மற்றப் பகுதிகளையும் கட்டணம் செலுத்திக் கேட்கலாம் என்கிறது 404-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் இது 363. வழக்கோடு தொடர்பில்லாதவர், உதாரணமாகப் பத்திரிகையாளரோ ஆய்வாளரோ, எதற்காகத் தேவை என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு நீதிபதியின் உத்தரவைப் பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று பல வாசகர்கள் எழுதிக் கேட்டிருந்தீர்கள். நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும் என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே நகல் மனுதான் வழி.

நகல் மனுவில் எழுத வேண்டியவை அதிகம் இல்லை: நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தரப்பினர் பெயர், தீர்ப்புத் தேதி, நீங்கள் யார், எந்த ஆவணம் வேண்டும். 'எல்லா ஆவணமும்' என்று எழுதினால் மனு திரும்பி வரும். 'அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சியின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும்' என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஸ்டாம்பு ஒட்டி, மனு எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதோடு வேலை முடியவில்லை. எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணம் என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். பலரின் மனு இந்த இடத்தில்தான் இறந்துபோகிறது.

கைக்கு வந்த நகலைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒரு முத்திரை இருக்கும். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுக்கப்பட்ட நாள் என்று வரிசையாகத் தேதிகள் பேனாவால் நிரப்பப்பட்டிருக்கும். தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்ய மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பென்றால் 30 நாள்; செஷன்ஸ் நீதிமன்றம் தந்த சிறைத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு அந்தக் கெடுவிலிருந்து கழித்துவிடும். 10-ஆம் தேதி கேட்ட கட்டணத்தை 18-ஆம் தேதி கட்டினால், நடுவில் போன நாட்கள் உங்கள் கணக்கில் ஏறும். ஒருவர் சிறையில் இருப்பதா வெளியே வருவதா என்பது சில நேரம் அந்த முத்திரைக்குள் இருக்கும் தேதிகளைப் பொறுத்தது.

தண்டனை பெற்றவரைவிட விடுதலையானவர்தான் இந்தக் காகிதத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார். 'விடுதலை' என்று நீதிபதி சொன்னதும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். பிறகு பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ விசாரணை வரும்போது, நிலையப் பதிவில் வழக்கின் முடிவு ஏறாமல் நிற்பதுண்டு. அப்போது தீர்ப்பு நகல்தான் பேசும். அதிலும் எந்தக் காரணத்தால் விடுதலை என்பது முக்கியம். காவலர் பணிக்கான தமிழ்நாட்டு விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரை வழக்கில் ஈடுபட்டவராகவே கருதும் விளக்கம் உண்டு. ஓர் இளைஞரின் வேலை தீர்ப்பின் கடைசிப் பத்தியில் உள்ள ஒரு தொடரில் தொங்குகிறது. அதை அவர் படித்திருக்க வேண்டாமா? பாதகமாக இருந்தால் மேலே போக வழி உண்டா என்று உடனே கேட்டிருக்க வேண்டாமா?

உரிமைக்கு எல்லையும் உண்டு, அது நியாயமானது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். சிறார் வழக்கு ஆவணங்கள் அந்தப் பிள்ளையைக் காலமெல்லாம் துரத்தக் கூடாது என்பதற்காகவே மூடி வைக்கப்படுகின்றன. நகல் கேட்பவர் அண்டை வீட்டுக்காரரை அவமானப்படுத்தக் கேட்டால், அதை நீதிமன்றம் மறுப்பதே சரி.

இன்னொரு எல்லை காலம். முடிந்த வழக்குகளின் கட்டுகள் ஆவண அறைக்குப் போகின்றன. விதிப்படி வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள் முடிந்தால் அழிக்கப்படுகின்றன. எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், ஒரு நாள் கட்டே இருக்காது.

உங்கள் வீட்டில் முடிந்த வழக்கு ஏதும் உண்டா? தீர்ப்பு நகல் இருக்கிறதா என்று இந்த வாரம் பாருங்கள். இல்லாவிட்டால் குற்ற எண்ணில் தொடங்குங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நகல் பிரிவில் நீங்கள் நீட்டும் மனு கெஞ்சல் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம்: சாட்சியாக சம்மன் வந்தால் என்ன செய்வது?