குர்ஆனின் ஆங்கில தர்ஜுமாக்கள்



ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்த ஆங்கில தர்ஜுமாவை வாங்கிக் கொடுக்கலாம் என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். கடையிலும் செல்போனிலும் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. யார், எதற்காகச் செய்தது என்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் முதலில் வந்தது 1649ல், அலெக்சாண்டர் ராஸ் பெயரால் அறியப்படுவது. அது அரபியிலிருந்து செய்ததே அல்ல. பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பார்த்துச் செய்தது. நம் மார்க்கத்தைக் குறை சொல்வதே அதன் நோக்கம். 1734ல் ஜார்ஜ் சேல் அரபி கற்றுச் செய்தார். ஆனாலும் மராச்சி என்ற பாதிரியாரின் லத்தீன் மொழிபெயர்ப்பைப் பெரிதும் சார்ந்திருந்தார். 1861ல் ராட்வெல் என்ற பாதிரியார் சூராக்களின் வரிசையையே மாற்றி, தாம் கருதிய கால வரிசையில் அடுக்கினார். காப்புரிமை முடிந்துவிட்டதால் சேல், ராட்வெல் பிரதிகள் இன்றும் மலிவாக அச்சாகின்றன. அட்டை அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிட வேண்டாம்.

1930ல் வெளியான மர்மடியூக் பிக்தாலின் தர்ஜுமா வேறு வகை. இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர் அவர், நாவலாசிரியரும்கூட. ஹைதராபாத் நிஜாமின் கல்விப் பணியில் இருந்தார். இந்த வேலைக்காக நிஜாம் சம்பளத்துடன் இரண்டு வருட விடுப்பு கொடுத்தார். கெய்ரோவுக்குப் போய் அரபு அறிஞர்களுடன் உட்கார்ந்து சரிபார்த்தார். குர்ஆனை மொழிபெயர்க்கவே கூடாது என்ற எதிர்ப்பும் அங்கே இருந்தது. அவர் தம் நூலுக்குக் குர்ஆன் என்று பெயர் வைக்கவில்லை, அதன் 'பொருள்' என்றே வைத்தார். அந்த அதபு நமக்குப் பிடித்திருக்கிறது.

மர்ஹூம் அப்துல்லாஹ் யூசுப் அலி பம்பாய் மாகாணத்தில் பிறந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரி. அவருடைய தர்ஜுமா 1934 முதல் லாகூரில் பகுதி பகுதியாக வெளிவந்தது. விரிவான அடிக்குறிப்புகள்தாம் அதன் சிறப்பு. பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் அவை திருத்தப்பட்டுள்ளன. எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்கவும். 1953ல் லண்டனில் ஆதரவின்றி வபாத்தானார். புரூக்வுட் மையவாடியில் பிக்தாலும் அவரும் அடக்கமாகி இருக்கிறார்கள்.

இருவரும் எப்போதும் ஒன்றுபோல் சொல்வதில்லை. பகரா சூராவின் தொடக்கத்தில் 'முத்தகீன்' என்பதற்கு, தீமையை விலக்கிக் கொள்வோர் என்ற கருத்தில் பிக்தால் எழுதுகிறார். அல்லாஹ்வை அஞ்சுவோர் என்று யூசுப் அலி. தக்வாவில் இரண்டும் அடங்கும். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். சந்தேகம் வந்தால் செல்போனில் தேடுவதற்கு முன் மஹல்லா இமாமிடம் கேட்கச் சொல்லுங்கள்.