92 ஆண்டுக்கு முந்திய பூகம்பத்தைச் "சுடச்சுட"க் கொடுத்த கம்ப்யூட்டர் நிருபர்!

டீ குடிக்கப் போகாத, லீவு கேட்காத நிருபர் ஒருவர் அமெரிக்காவின் "லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்" பத்திரிகையில் வேலை பார்த்தார். ஆள் அல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம்! பெயர் "குவேக்பாட்".

பூகம்பம் வந்தால் அரசு ஆய்வு நிலையம் தகவல் அனுப்பும். எந்த ஊர், எத்தனை மணி, எவ்வளவு பலம் என்ற விவரங்களை எடுத்து, முன்பே எழுதி வைத்த வாக்கியங்களின் காலி இடத்தில் இது நிரப்பிவிடும். பாங்கில் செலான் எழுதுவது போலத்தான்!

3 நிமிடத்தில் செய்தி

2014 மார்ச் 17. காலை 6.25 மணி. லாஸ் ஏஞ்சல்ஸ் குலுங்கியது. இந்தப் புரோகிராமை எழுதிய பத்திரிகையாளர் கென் ஷ்வென்கே படுக்கையில் இருந்து எழுந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். செய்தி தயார்! பொத்தானை அழுத்தினார். 3 நிமிடத்தில் செய்தி வெளியானது. ஊரே மெச்சியது.

செத்துப்போன பூகம்பம்

2017 ஜூன் 21 மாலை. "சாண்டா பார்பரா அருகே 6.8 அளவு பூகம்பம்" என்று அதே கம்ப்யூட்டர் அலறியது. ஜனங்கள் திடுக்கிட்டனர். ஆனால் பூமி அசையவே இல்லை!

என்ன நடந்தது? 1925 ஜூன் 29-ல் அந்த ஊரை உலுக்கி 13 பேரைப் பலி வாங்கிய பூகம்பத்தின் பழைய பதிவில், இடத்தை மட்டும் ஆய்வாளர்கள் திருத்தினார்கள். அது புதுத் தகவலாகப் போய்விட்டது. அதில் இருந்த தேதி 2025 ஜூன் 29! எட்டு வருடம் கழித்து வரும் தேதி. ஆள் பார்த்திருந்தால், "இது என்னய்யா கூத்து?" என்று கேட்டிருப்பான். எந்திரம் கேட்கவில்லை. பத்திரிகை செய்தியை வாபஸ் வாங்கியது.

வட்டிக் கணக்கில் கோட்டை

செலான் நிரப்புகிற எந்திரம் போய், சொந்தமாகவே வாக்கியம் கட்டுகிற எந்திரம் இப்போது வந்துவிட்டது. அதுவும் தப்பவில்லை.

அமெரிக்காவின் "சிநெட்" செய்தித் தளம் இப்படி 77 கட்டுரைகளை வெளியிட்டது. "10 ஆயிரம் டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்தில் 10 ஆயிரத்து 300 டாலர் சம்பாதிக்கலாம்" என்றது ஒன்று. மளிகைக் கடைப் பையனே சொல்வான், வட்டி 300 தான் என்று! 2023 ஜனவரியில் 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டார்கள்.

இத்தனைக்கும், "ஆசிரியர் சரிபார்த்தது" என்று அந்தக் கட்டுரைகளில் குறிப்பு இருந்தது. குறிப்பு போட்டால் போதுமா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? நம்பிப் பணம் போடுகிறவன் கம்ப்யூட்டர் அல்லவே!